சமூகவியல்: ஏட்டிலும் ஊரிலும்

ஒரு பாடநூல் எத்தனை செய்திகளைத் தருகிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சமூகவியலுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. தான் வாழும் ஊரைப் பற்றி மாணவனை ஒரு கேள்வியேனும் கேட்கச் செய்கிறதா என்பதே இங்கு உரைகல். பதினோராம் வகுப்பிற்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன்ட்ரொட்யூசிங் சோஷியாலஜி’ என்னும் அறிமுக நூலை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

நூலின் தொடக்கம் பாராட்டுக்குரியது. நன்றாகப் படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று பெரியோர் கூறும் அறிவுரையை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. உழைப்பு மட்டுமே ஒருவனின் வாழ்வை முடிவு செய்வதில்லை. குடும்பத்தின் நிலையும் வேலைச் சந்தையின் போக்கும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்று விளக்குகிறது. தனிமனிதத் துன்பமும் பொதுப் பிரச்சினையும் பின்னிக் கிடப்பதை அமெரிக்க அறிஞர் ரைட் மில்ஸின் வழிநின்று காட்டுகிறது. பதினாறு வயதினருக்கு இதனினும் பயனுள்ள முதற்பாடம் அரிது.

குறை நூலின் அடுக்குமுறையில் இருக்கிறது. ஐந்து அத்தியாயங்களில் முதல் நான்கும் சமூகம், கலைச்சொற்கள், சமூக நிறுவனங்கள், பண்பாடு ஆகியவற்றை விளக்குகின்றன. நேரில் காண்பது, வினவுவது, கணக்கெடுப்பது ஆகிய ஆய்வு முறைகள் ஐந்தாவதாக, கடைசியில் வருகின்றன. நான்கு பந்தி பரிமாறிய பின்னர் அடுப்பங்கரையைக் காட்டுவது போன்றது இது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்விலும் எழுத்துத் தாளுக்கு 80 மதிப்பெண்கள், செய்முறைத் திட்டத்திற்கு 20. ஆகவே மாணவன் வரையறைகளை உருப்போடுகிறானே தவிர, தெருவை நோக்குவதில்லை.

இதன் துணைநூலில் மேலைச் சிந்தனையாளர்களாக மார்க்ஸ், துர்க்கைம், வேபர் மூவரும் அறிமுகமாகின்றனர். 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் அவ்வரிசையில் இல்லை. ‘சமூகவியலின் தந்தை அவரே’ என்று முழங்கி நாம் நிறைவடைந்துவிடுகிறோம். இதுவும் ஒருவகை உருப்போடுதலே. அவருடைய பெயரைவிட அவருடைய முறையே நமக்கு வேண்டியது.

அம்முறைக்கு அவரே தரும் சான்று ஒன்றுண்டு. மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேரோ அதற்கு மேலோ இருந்தனர் என்று மஸ்ஊதி முதலிய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். இப்னு கல்தூன் அதனை ஏற்கவில்லை. அத்துணை பெரிய படையை அந்நிலம் தாங்குமா, ஒரு முனையில் நடப்பதை மறுமுனை அறியுமா என்று வினவினார். சொன்னவர் நம்பத்தக்கவரா என்பதோடு நில்லாமல், சொன்னது சமூக வாழ்வின் இயல்புக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

இம்முறையைக் கைக்கொள்ள நம் பிள்ளைகள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுவோர் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். இத்தனை இலட்சம் பேர் வந்தனர் என்று மறுநாள் செய்தி வரும். ஊர்ப்பிள்ளை இதனைத் தானே சோதித்துப் பார்க்கலாம். பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அகலத்தைப் பத்து மீட்டர் என்றும் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்றும் கொண்டால், ஒரே வேளையில் 1,40,000 பேருக்குத்தான் இடமுண்டு. ஒருவர் சுற்றிவர ஐந்து மணி நேரமாகி, கூட்டம் இருபது மணி நேரம் ஓயாது வந்தால், பாதை நான்கு முறை நிறையும். தொகை 5,60,000 ஆகும். கடைகள் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் அது குறையும். செய்தியை அப்படியே நம்பவும் வேண்டா, எள்ளி நகையாடவும் வேண்டா. அளந்து பார்க்கலாம் என்பதை இக்கணக்கு கற்பிக்கிறது.

அங்கிருந்து கடினமான கேள்விகள் பிறக்கும். அன்றிரவு கடை விரிப்போர் உள்ளூராரா, வெளியூராரா? மறுநாள் குப்பை அள்ளுவோர் எந்தத் தெருவினர்? பாதையோர நிலம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது? சாதியையும் உடைமையையும் தொடும் இக்கேள்விகளைப் பிள்ளை தன் வீட்டிலேயே முதலில் கேட்க நேரிடும். பள்ளிகள் வரையறையோடு நின்றுகொள்வதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

இது நடவாத காரியம் என்பாருக்கு நம் மாநிலத்திலேயே விடை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், வினாப்பட்டியல் கொடுத்து மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவ்வாய்வுகள் 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று தூசி என்னும் ஊரைப் பற்றியது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ள ஊர் அது. 1930களில் அதனை மீண்டும் ஆராய்ந்தனர், 1980களில் எஸ். குகனும் கே. பரதனும் மறுபடி ஆராய்ந்தனர். மாணவர் தொடங்கி வைத்த ஆய்வே பின்வந்த அறிஞர்கள் மாற்றத்தை அளக்கும் அடிக்கல்லாயிற்று. கல்லூரி மாணவர் அன்று செய்ததில் ஒரு சிறு பங்கைப் பள்ளி மாணவர் இன்று செய்ய இயலாதா?

நாம் சுட்ட நூல் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வெளிவந்தது. அடி அண்ணாமலைப் பிள்ளையின் மொழி அவற்றுள் இல்லை. தமிழில் இத்தகைய நூலொன்றை ஆக்க முன்வருவோர் மொழிபெயர்ப்போடு நின்றுவிடலாகாது. ஐந்தாம் அத்தியாயத்தை முதலாவதாக வைக்க வேண்டும். விடுமுறையில் ஒரு தெருவை நோக்கி எழுதும் பணிக்குத் தேர்வில் பாதி மதிப்பெண் அளிக்க வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஏடுகளைப் பள்ளியிலேயே பேணி வைத்தால், இருபது ஆண்டுகளுக்குப் பின்வரும் மாணவன் தன் ஊர் மாறியதை அவற்றோடு ஒப்பிட்டு அறிந்துகொள்வான்.