கொஞ்சம் முந்திய ஸ்னேர்

ஹிப் ஹாப் பீட் செய்யப் பழகுகிறவர் எடுத்த எடுப்பிலேயே 'குவாண்டைஸ்' பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவார். அதைத் தட்டினால் போதும். முன்னும் பின்னும் சிதறிக் கிடக்கும் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் என்ற டிரம் ஒலிகள் எல்லாம் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தாளம் தப்பாது. கேட்கிறவர் தலையும் ஆடாது.

ஜே டில்லாவைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். பீட் செய்வதில் பேர்பெற்ற டெட்ராய்ட்காரர், இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி. அவருடைய கருவி 1994இல் வந்த அகாய் எம்பிசி 3000. விரலால் தட்ட 16 ரப்பர் பேடுகள் கொண்ட அந்தப் பெட்டி, ஓர் அடியை 96 டிக்குகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு டிக் ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். டில்லா விளையாடியதெல்லாம் இந்த நூலிழைக்குள்தான்.

குவாண்டைஸை அணைத்துவிட்டுக் கைபோன போக்கில் தட்டினார் என்று ஒரு கதை உண்டு. பாதிதான் சரி. ஸ்னேரைச் சில டிக்குகள் முன்னே தள்ளிவைக்கும் கணக்கும் அவரிடம் இருந்ததை டான் சார்னஸ் 'டில்லா டைம்' (2022) நூலில் விரிவாகக் காட்டுகிறார். ஸ்னேர் முந்திவிட்டால் அடுத்து வரும் கிக், தன் இடத்திலேயே விழுந்தாலும், சோம்பல் முறித்துக்கொண்டு வருவதுபோல் கேட்கும். பாட்டைத் தாளத்துக்கு முன்னோ பின்னோ தொடங்கும் கர்நாடக இசையின் அதீத, அனாகத எடுப்புகளில் ஊறிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அவற்றைக் கைவிரலில் எண்ணிவிடலாம், இதை எண்ண முடியாது.

எம்பிசியின் மூலவடிவை அமைத்த ரோஜர் லின் வைத்த 'ஸ்விங்' எண்ணும் இதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. 50 என்றால் நேர்நடை, 66 என்றால் ஏறத்தாழ திஸ்ரம், அதாவது மும்மை நடை. ருசியெல்லாம் இடையில் இருக்கிறது. 54இல் வைத்தால், அதே 90 வேகத்தில், கால் அடித் தட்டுகளின் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாம் தட்டு சுமார் 13 மில்லிசெகண்ட் பிந்தும். அவ்வளவுதான், ஹை-ஹாட்டுக்கு இடுப்பு வந்துவிடும்.

பழைய இசைத்தட்டிலிருந்து ஒலித்துண்டை உருவி சாம்பிள் எடுப்பதிலும் பற்றாக்குறைதான் பாடம் நடத்தியது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் கருவியின் நினைவகம் மொத்தமே 10 வினாடி. இடத்தை மிச்சப்படுத்த, 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் மறுபடி வேகம் குறைத்தார்கள். அதில் ஒலி சொரசொரத்தது. அந்தச் சொரசொரப்பே 90களின் நியூயார்க் ஒலியானது. இன்று எல்லையற்ற நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே சொரசொரப்பைத் தனி மென்பொருளாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

2006 பிப்ரவரி 7, தன் 32ஆம் பிறந்தநாளில், டில்லா 'டோனட்ஸ்' தொகுப்பை வெளியிட்டார். மூன்று நாள் கழித்து இறந்துபோனார். அதிலுள்ள 31 துண்டுகளில் பல இரண்டு நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. பழகுகிறவருக்கு இந்த நீளம் வசதி. ஒரு துண்டை ஓடவிட்டு, அதன் கூடவே தன் ஸ்னேரை இரண்டு டிக் முன்னே நகர்த்திப் பார்க்கலாம், பிறகு மூன்று. எட்டுக்குப் போனால் டிரம்மர் குடித்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார்.