பாட்டிலுக்கு உரிமம், பந்திக்கு யார் பொறுப்பு?

ஹைதராபாதில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நீண்டிருக்கிறது. மணி எட்டரை ஆனதும் ஆண்களில் ஒரு பகுதியினர் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, புல்வெளியின் கடைசியில், துணி கட்டி மறைத்த தனிப் பந்தல் ஒன்று இருக்கும். இடம் நெருக்கமான மண்டபமாக இருந்தால் அது மொட்டை மாடிக்குப் போயிருக்கும். நீள மேசை, ஐஸ் பெட்டிகள், சோடா, தண்ணீர் பாட்டில்கள், வறுத்த முந்திரி, சில்லி சிக்கன். செகந்திராபாதில் குடியேறிய பிறகு நான் போன வரவேற்புகளில் பாதிக்கு மேல் இந்தப் பந்தலைப் பார்த்திருக்கிறேன். தெலங்கானாவில் இந்த மது விருந்துக்கு 'தாவத்' என்று பெயர். மதுவுக்கு அங்கே 'மந்து' என்பார்கள்; தெலுங்கில் மருந்துக்கும் அதே சொல்தான்.

கொம்பள்ளி, ஷம்ஷாபாத், மொயினாபாத் பக்கம் வரிசையாக நிற்கும் ஃபங்ஷன் ஹால்களில் பார் கிடையாது. நட்சத்திர ஹோட்டலில்தான் பார் இருக்கும். அங்கே ஆயிரம் பேருக்கு விருந்து வைப்பது நடுத்தரக் குடும்பத்தால் ஆகாத காரியம். அதனால் கல்யாண வீட்டார் மாநில மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறையிடம் ஒருநாள் நிகழ்ச்சி உரிமம் வாங்குகிறார்கள். இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். பிறகு 'வைன்ஸ்' என்று பலகை மாட்டிய சில்லறைக் கடையில் பாட்டில்களை மொத்தமாக எடுத்து, ஹாலுக்குக் கொண்டுவந்து, ஆள் வைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். இந்த வழக்கத்தைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் என் உறவினர்களுக்கு இது அருவருப்பு. ஹைதராபாத் நண்பர்களுக்கோ இது விருந்தோம்பல். இரண்டு பக்கமும் முழுசாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வெளிப்படையானது. கல்யாணத்தில் குடிப்பவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. மண்டபத்துக்கு வெளியே, காருக்குள், லாட்ஜ் அறையில், டாஸ்மாக் வாசலில் நின்று, அவசர அவசரமாகத் தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல் குடிக்கிறார்கள். பிறகு பந்திக்கு வந்து உட்கார்ந்து, இலையில் கை வைத்தும் வைக்காமலும் எழுந்து போகிறார்கள். ஒளித்துக் குடிக்கிறவன் வேகமாகக் குடிப்பான். வெறும் வயிற்றில் குடிப்பான். மேசையும் நாற்காலியும் பக்கத்தில் உணவும் இருந்தால் அந்த வேகம் குறைகிறது. நான் கண்ணால் பார்த்த வித்தியாசம் இது.

2023-இல் தமிழ்நாடு அரசு எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமத்தைக் கொண்டுவந்து, திருமண மண்டபங்களிலும் மது பரிமாற வழி செய்ய முயன்றது. ஏப்ரல் மாதம் எதிர்ப்புக் கிளம்பியதும், மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அப்போதைய துறை அமைச்சர் செந்தில் பாலாஜி அறிவித்தார். மாநாடுகள், விளையாட்டுப் போட்டிகள் போன்றவற்றோடு அது நின்றது. மண்டபத்தின் மானம் காப்பாற்றப்பட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

செலவுக் கணக்கிலும் ஹைதராபாத் முறைக்கு நியாயம் இருக்கிறது. 750 மில்லி ஃபுல் ஒன்றில் 60 மில்லி லார்ஜ் பன்னிரண்டு வரும். இருநூறு பேர் குடிப்பார்கள், ஆளுக்கு மூன்று என்று வைத்தால் 600 லார்ஜ். ஐம்பது ஃபுல் போதும். இதையே ஹோட்டல் பாரில் கிளாஸ் கணக்கில் வாங்கினால் பில் பல மடங்கு ஏறும். தலைக்கு அரைக் கிலோ ஐஸ் என்று சொல்லி வைத்தால் நூறு கிலோ. பீர் பாட்டில்களை வெறும் ஐஸ்கட்டியின் மேல் படுக்க வைப்பதைவிட, ஐஸும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் கலந்த டப்பில் முக்கி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது டென்ட் ஹவுஸ் பையன்களுக்கும் தெரியும். இந்தக் கணக்கையெல்லாம் மாமாக்களும் சித்தப்பாக்களும் ஒரு வாரம் உட்கார்ந்து போடுவதில் ஒரு கல்யாணக் களை இருக்கத்தான் செய்கிறது. அதை நான் குறைவாக எண்ணவில்லை.

அந்தக் கணக்குத் தாளில் எப்போதும் விட்டுப்போகும் சில வரிகள் உண்டு. என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

பார் என்பது மது விற்கும் இடம் மட்டுமாக இருந்தால் அதை வீட்டார் எளிதாக ஈடு செய்துவிடலாம். பாரில் அளந்து ஊற்ற ஒரு கை இருக்கிறது. போதும் என்று மறுக்க ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது. மூடும் நேரம் இருக்கிறது. கல்யாண வீட்டார் பாட்டிலை மட்டும் கொண்டுவருகிறார்கள். இந்த மூன்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பந்தலில் ஊற்றுபவர் யார்? கேட்டரிங் வேலைக்கு அன்றாடக் கூலிக்கு வந்த கல்லூரிப் பையன். தெலங்கானாவில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஊற்றிக்கொடுக்கும் பையனுக்குப் பத்தொன்பது இருக்கலாம். அவன் மணமகனின் தாய்மாமாவைப் பார்த்து, "சார், உங்களுக்கு இது போதும்" என்று சொல்லிவிட முடியுமா? கண்ணளவில் ஊற்றுகிறான். 60 என்பது 90 ஆகிறது. அது தாராளம் என்று அவனுக்குப் பாராட்டும் கிடைக்கிறது.

இந்திய விஸ்கியில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சராசரி உடல்வாகு உள்ள ஒருவர் அளந்து ஊற்றிய ஒரே லார்ஜில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். இரண்டாவதில் சந்தேகமே இல்லாமல் தாண்டிவிடுவார். 2019 செப்டம்பரிலிருந்து முதல் தடவை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹால்கள் இருப்பதோ ஊருக்கு வெளியே. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை ஒட்டி, நள்ளிரவில் லாரிகளோடு கலந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டித்தான் வீடு திரும்ப வேண்டும். பின் இருக்கையில் பட்டுப்புடவையில் மனைவி, மடியில் தூங்கும் குழந்தை. இத்தனை பேரைக் கூப்பிட்டு, இவ்வளவு ஊற்றிக்கொடுத்து, எப்படித் திரும்பிப் போவார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்காத விருந்தோம்பலை நான் விருந்தோம்பல் என்று ஏற்க மாட்டேன்.

உரிமம் இதையெல்லாம் பார்ப்பதில்லையா? தெலங்கானாவில் சட்டம் தூங்கவில்லை. 2024 அக்டோபரில் ஜன்வாடா பண்ணை வீட்டில் நடந்த ஒரு குடும்ப நிகழ்ச்சியிலும், 2025 ஜூனில் சேவெள்ள அருகே ஒரு ரிசார்ட்டில் நடந்த பிறந்தநாள் விருந்திலும் போலீஸார் நுழைந்து, அனுமதி இல்லாமல் மது பரிமாறியதாக வழக்குப் பதிந்தார்கள். உரிமம் இருக்கிறதா, பாட்டில் தெலங்கானாவில் வரி கட்டியதா, கோவாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்ததா என்று கேட்கிறார்கள். ராணுவ கேன்டீன் பாட்டில் செகந்திராபாத் கல்யாணங்களில் தலைகாட்டுவது ஊரறிந்த சங்கதி. ராணுவத்தாருக்குச் சலுகை விலையில் கொடுத்த சரக்கை வெளியாளுக்கு விற்பது குற்றம் என்பதை வாங்குபவர் நினைப்பதில்லை. இந்தக் கேள்விகள் அவசியமானவை. ஆனால் எல்லாமே பாட்டிலைப் பற்றிய கேள்விகள். குடித்தவரைப் பற்றி உரிமத்தைக் காட்டிய வீட்டில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை; நடுச்சாலையில் ஊதச் சொல்லும் போக்குவரத்துக் காவலர்தான் முதன்முதலாகக் கேட்கிறார்.

டொரான்டோவில் கல்யாணம் செய்யும் நம் மக்கள் வேறொரு முறைக்குப் பழகியிருக்கிறார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் தனி நிகழ்ச்சிக்கு மது பரிமாற ஒரு சிறப்பு உரிமம் உண்டு. விற்காமல் இலவசமாகக் கொடுப்பதற்கு ஐம்பது டாலர். அங்கே உரிமம் வாங்கியவர் நிகழ்ச்சியில் இருந்தாக வேண்டும், அல்லது தனக்குப் பதில் ஒருவரை நியமிக்க வேண்டும். யாரும் போதை தலைக்கேறும் அளவுக்குக் குடிக்காமல் பார்ப்பது அவர் பொறுப்பு. திறக்காத பாட்டிலை ரசீதோடு அரசுக் கடையில் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. இது சின்ன வசதி போலத் தெரியும், பெரிய வசதி. திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மீந்ததைத் தீர்த்துவிடலாம் என்ற அவசரம் எழாது. ஹைதராபாதில் மீந்த பாட்டிலைத் திரும்ப எடுப்பது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. அதனால் பதினொரு மணிக்கு மேல் பந்தலில் 'தீர்த்துவிடுங்கள்' என்று ஒரு குரல் கேட்கும். விபத்துகளின் விதை அந்தக் குரலில் இருக்கிறது.

இன்னொரு குறை பணத்தைப் பற்றியது, கணக்கில் வராதது. தாவத் செலவு யாருடையது? என் பார்வையில் பல கல்யாணங்களில் அது பெண் வீட்டார் தலையில்தான் விழுகிறது. மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு எந்த பிராண்ட் பிடிக்கும் என்று விசாரித்து வாங்கி வைக்கிற பெண்ணின் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மலிவான சரக்கு வைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. 2023-இல் வந்த 'பலகம்' தெலுங்குப் படத்தில் ஒரு நல்லி எலும்பால் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போகும். தெலங்கானா பார்வையாளர்கள் அதை நம்பினார்கள், ஏனென்றால் விருந்தில் வைக்கும் மரியாதைக் குறைவு அங்கே அவ்வளவு ஆழமாகத் தைக்கும். பாட்டிலின் லேபிளும் இன்று அந்த நல்லி எலும்பின் இடத்துக்கு வந்துவிட்டது. சலுகையாகத் தொடங்கியது கடமையாகி, கடமை சீர்வரிசையாகிவிட்டது.

பெண்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1992-இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ஆர். முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அதைத் தளர்த்தினார். இரண்டு வருடத்தில் சட்டம் முடிந்தது. அந்தப் பெண்கள் எழுப்பிய கேள்வி முடியவில்லை. பந்தலின் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கணவர் எந்த நிலையில் திரும்புவார் என்று கடிகாரத்தைப் பார்க்கும் மனைவிக்கு அந்த வரவேற்பில் என்ன மகிழ்ச்சி?

இதே நகரத்தின் இன்னொரு பாதியில், பழைய ஊர் முஸ்லிம் குடும்பங்களின் வலிமா என்ற கல்யாண விருந்தில், மதுவே கிடையாது. மரக், பிரியாணி, டபுள் கா மீட்டா, கடைசியில் தேநீர். நள்ளிரவு தாண்டியும் ஹால் நிறைந்திருக்கும். மது இல்லாவிட்டால் கூட்டம் தங்காது என்பவர்கள் சார்மினார் பக்கம் ஒரு வலிமாவுக்குப் போய்வரலாம். நம் வரவேற்புகளில் குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது? சர்க்கரைப் பாகில் நிறம் ஊற்றிய ஒரு மாக்டெயில். நன்னாரி சர்பத், பானகம், கறிவேப்பிலை தாளித்த மோர், சீரகச் சோடா என்று எத்தனை இருக்கின்றன! மதுப் பந்தலுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி அந்தப் பக்கம் திரும்பினால், துணி மறைப்பைத் தாண்டிப் போகும் கால்கள் குறையும்.

ஆக, என் தீர்ப்பு இது. பார் இல்லாத ஹாலில் உரிமம் பெற்று மது பரிமாறும் ஹைதராபாத் வழக்கம், தமிழ்நாட்டின் ஒளித்துக் குடிக்கும் வழக்கத்தைவிட நேர்மையானது. தடை செய்யத் தேவையில்லை. ஆனால் இன்றிருக்கும் வடிவத்தில் அது பாதி ஏற்பாடு. அதை நல்ல வழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உரிமப் படிவத்தில் துறை ஒரு வரி சேர்க்க வேண்டும்: அன்று குடிக்காமல் இருந்து, பந்தலுக்குப் பொறுப்பேற்பவரின் பெயர், கையொப்பம். 21 வயது நிறைந்தவர்தான் ஊற்ற வேண்டும், அளவுக் குவளையால்தான் ஊற்ற வேண்டும் என்று நிபந்தனை வைப்பதும் கடினமில்லை.

துறை செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் தெலுங்கு மாக மாதத்தில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஐம்பது ஃபுல், நூறு கிலோ ஐஸ் என்று எழுதுகிற அதே தாளில், பத்தரைக்கு மேசையை எடுத்துவிடுவோம் என்று எழுதுங்கள். ஓட்டுநர்கள் எட்டுப் பேரைப் பேசி வைத்து அவர்கள் எண்களை எழுதுங்கள். அவர்களுக்கு ஆகும் கூலி, நீங்கள் வாங்கப்போகும் சில பாட்டில்களின் விலைக்கு மேல் போகாது.