திகட்டாத இனிப்பு

இனிப்பான ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஒயின் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். இனிப்பு சிறு பிள்ளைகளுக்கு. இனிப்பே இல்லாததுதான் ரசனை உள்ளவர்களுக்கு என்பது அவர்கள் கட்சி. நாவல் விமரிசனத்திலும் இந்தக் கட்சிக்கு ஆள் குறைவில்லை. நெஞ்சு இளகும்படி ஒருவன் நாலு பக்கம் எழுதிவிட்டால் போதும், ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான். இனிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு ஈடாக எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இனிப்பைக் குறை சொல்வதற்கு நம் பாஷையில் சரியான வார்த்தை இருக்கிறது: திகட்டுகிறது என்கிறோம். திகட்டாத இனிப்பும் உண்டு.

என் கட்சிக்குச் சாட்சியாக நான் அழைப்பது, ஜெர்மனியில் மோஸல் நதிக்கரையில் ஜே. ஜே. ப்ரூம் குடும்பத்தார் செய்யும் வெள்ளை ஒயினை. புட்டியின் மேல் 'வேலனர் ஸொன்னெனூர்' என்று போட்டிருக்கும். நம் காதுக்கு ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி படும். ஊர் வேலன், ஸொன்னெனூர் என்பது அவர்கள் பாஷையில் சூரிய கடிகாரம். ஊருக்கு எதிர்க்கரையில், செங்குத்தான சரிவில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே 1842-இல் யோடோக்கஸ் ப்ரூம் என்பவர் அப்படியொரு கடிகாரத்தை அமைத்தார், வேலையாட்களுக்கு நேரம் தெரியட்டும் என்று. (கூலி கொடுக்கிறவருக்கும் தெரியட்டும் என்று இருந்திருக்கலாம்.) தோட்டத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

குடும்பத் தோட்டம் என்றதும் பலருக்கு மனம் கரைந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக வந்ததென்றால் நன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானம் செய்துவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. 1911-இல் ப்ரூம் குடும்பத்தில் பாகம் பிரிந்தது. யோஹான் யோஸஃப் ப்ரூம் தம் பங்கைக் கொண்டு தொடங்கியதுதான் இது. இப்போது நான்காம் தலைமுறையில் கதரினா ப்ரூம் நடத்திவருகிறார். ஆனால் அதே மலையில் பங்காளிகளும் ஒயின் செய்திருக்கிறார்கள். அதே கல், அதே வெயில், அதே ரீஸ்லிங் திராட்சை, அதே ரத்தம். ருசி மட்டும் ஒன்றாக இல்லை. ஆகவே வம்சத்தை விட்டு வேலையைப் பார்ப்பதே நியாயம்.

அந்தச் சரிவில் மண் என்பது பெரும்பாலும் ஸ்லேட்டுக் கல்தான். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நிற்கவே சிரமமான இடம். பழத்தைக் கையால்தான் பறிக்கவேண்டும். குளிர்ப் பிரதேசமாகையால் பழம் மெல்லப் பழுக்கிறது. சர்க்கரை ஏறினாலும் புளிப்பு முழுவதும் இறங்கிவிடுவதில்லை. சாறு நொதிக்கும்போது சர்க்கரை எல்லாம் சாராயமாக மாறுவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சாராயச் சத்து நூற்றுக்கு 8 அல்லது 9 பங்குதான். இனிப்பில்லாத ஒயின்களில் சாதாரணமாக 12, 13 இருக்கும். மீந்த சர்க்கரையை அந்தப் புளிப்பு தாங்கி நிற்கிறது.

ஜெர்மனியில் சில வருஷம் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர் இந்தத் தோட்டத்து ஒயினில் இரண்டு புட்டி வைத்திருந்தார். ஒன்றுக்கு வயது இரண்டு. மற்றது இருபதைத் தாண்டியது. இளையதைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை வந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடக் கூடாது. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல் தானாக நொதிக்கவிடும் இந்த வீட்டு ஒயின் இளமையில் இப்படித்தான் இருக்கும். நுனி நாக்கில் லேசான சுறுசுறுப்பு. அதன் பின், சொல்லிவைத்தாற்போல் இனிப்பு. நல்ல சரக்கு என்று ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூத்தது வேறு விஷயம். நிறம் பொன்னாகியிருந்தது. வயதான ரீஸ்லிங்கில் வரும் மண்ணெண்ணெய் வாசனை கொஞ்சம் இருந்தது. தேன் இருந்தது, காய்ந்த பழத்தோல் இருந்தது. வயதானால் சர்க்கரை அளவில் குறைந்துவிடுவதில்லை. ஆனாலும் வாயில் அது பின்வாங்கி நின்றது. விழுங்கிய பிறகு புளிப்பு மெதுவாக எழுந்து, நாக்கைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிற்று. அடுத்த வாய்க்குத் தயாராக இருந்தேன். இனிப்பை இகழ்கிறவர்கள் பெரும்பாலும் இளம் புட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். காபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ என்று, பறித்தபோது பழம் பழுத்திருந்த அளவைக் கொண்டு படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவரை சரி. அவுஸ்லேஸெயிலேயே உயர்ந்ததை மட்டும் புட்டியின் கழுத்தில் சுற்றிய தங்கநிற உறையால் அடையாளம் காட்டுகிறார்கள். விஷயம் தெரிந்தவன் கழுத்தைப் பார்ப்பான். தெரியாதவன் எழுத்தைப் படித்து ஏமாறுவான். படிப்பவனை இப்படிச் சோதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. விலையும் படிக்குப் படி ஏறுகிறது. இனிப்பு அதிகமாக ஆக மதிப்பும் அதிகம் என்ற எண்ணம் இந்த வரிசையிலேயே கலந்திருக்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என்னைக் கேட்டால் அடிப்படியில் நிற்கும் காபினெட்டே போதும், பத்து வருஷம் இருட்டில் வைத்திருந்து கொடுப்பார்களானால்.