வழிபாடு நீங்கிய விக்கிரகம்: ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் சிற்பங்கள்

இலங்கையில் 1988ஆம் ஆண்டு பிறந்து, மறு ஆண்டே குடும்பத்துடன் சிட்னியில் குடியேறிய ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன், இந்து, கிறிஸ்தவ மரபுகள் இரண்டையும் பின்புலமாகக் கொண்டிருந்தும், இறைமறுப்பு நிலையில் நின்று தெய்வ உருவங்களை வனையும் சிற்பி ஆவார். யாழ்ப்பாணத்துத் தீவகம் அவருடைய ஊரன்று. எனினும், ஊர்காவற்றுறையில் புனித அந்தோனியாரின் சொரூபமும் நயினாதீவில் நாகபூசணி அம்மனின் விக்கிரகமும் அயலயலே வணங்கப்படும் அப்பகுதி, அவருடைய கலையை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லாகும்.

கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளையே உயர்கலை என்று போற்றும் இரசனை, கோபுரத்துச் சுதை உருவங்களை, அதாவது சாந்தாலோ சீமெந்தாலோ செய்து எனாமல் பூசப்படும் உருவங்களை, நெடுங்காலமாகப் பகட்டு என்று ஒதுக்கிவந்தது. நித்தியேந்திரனின் முதன்மையான சாதனை அந்த ஒதுக்கலை மறுத்தமையாகும். 2016இல் ஆஸ்திரேலியத் தேசிய கலைக்கூடத்தில் இடம்பெற்ற ‘மட் மென்’ கண்காட்சியின் படைப்புகளில், விரலழுத்தம் மறையாத களிமண்ணும் வழிந்தோடும் வண்ண மெருகும், தெய்வ உருவம் மனிதக் கையால் ஆனது என்பதை ஒளிவின்றிக் காட்டுகின்றன. ஓருருவில் ஆண், பெண் குறிகளை இணைக்கும் அவருடைய துணிவும், மாதொருபாகனை அறிந்த மரபுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. கலைக்கூடம் மீறல் என்று கொண்டாடுவதிற் பெரும்பகுதியை மரபு முன்னரே அறியும்: மஞ்சளிற் பிடித்து அறுகம்புல் செருகிய பிள்ளையார், பூசை முடிந்ததும் மீண்டும் வெறும் மஞ்சளாகிவிடுகிறார். மேலும், விக்கிரகத்தை விக்கிரகமாக்குவது வடிவம் மட்டுமன்று. ஈழத்துக் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு முன் நிகழும் எண்ணெய்க்காப்பின்போது, ஏனைய நாட்களில் எட்டநின்று கும்பிடுவோர் வரிசையில் வந்து, மூலமூர்த்தியைத் தம் கையாலேயே தொட்டு எண்ணெய் சாத்துகின்றனர். அந்தத் தொடுகையும், பிள்ளைவரம் வேண்டிச் செய்யும் நேர்த்தியும் உருவத்துக்குத் தரும் உறவு, தொடக்கூடாத காட்சிப்பொருளுக்கு வாய்ப்பதில்லை. உறவு அறுந்த இடத்தை நித்தியேந்திரன் பருமனாலும் எண்ணிக்கையாலும் நிரப்ப முயல்கிறார். பல்லிளிக்கும் முகங்களும் பெருகும் கைகளும் திரும்பத் திரும்ப வருகையில் அதிர்ச்சி பழகிப்போய், அலங்காரமாகத் தேய்கிறது. குறித்த ஓர் ஊரின் தெய்வம் ‘தெற்காசிய விக்கிரகம்’ என்ற பொதுப்பெயருள் கரைந்துவிடுவதும் இதன் விளைவே.

2023இல் கிளாஸ்கோவின் டிராம்வே கலைக்கூடத்தில் மண்ணையும் நீரையும் தலைப்பிலேயே வைத்து அவர் நிகழ்த்திய காட்சி, நிலைத்த பொருளிலிருந்து அழியும் பொருளை நோக்கிய நகர்வாகும். அவருடைய கலை இனி ஆழம் பெறக்கூடிய திசையும் அதுவே. விக்கிரகம் எவ்வாறு செய்யப்படுகிறது என்ற வினாவுக்கு நித்தியேந்திரன் வலுவான விடை தந்துள்ளார். அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்ற வினாவுக்கு அவருடைய சிற்பங்களைவிட நயினாதீவின் எண்ணெய்க்காப்பு வரிசையே தெளிவான விடை தருகிறது.