நெருப்பு முடித்துவைக்கும் ஓவியம்
மண்பாண்டத்தின் அண்டர்கிளேஸ் வண்ணங்களை ரசிப்பது எப்படி?

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலைத் தெருக்களில் அகல் விளக்குகள் குவிந்துவிடும். வெறும் செம்மண் அகல் ஒரு பக்கம், மஞ்சளும் பச்சையும் பூசிய அகல் மறுபக்கம். வண்ண அகலில் எண்ணெய் ஊற்றி நாலு நாள் ஏற்றிவிட்டுத் துடைத்துப் பாருங்கள், சாயம் துணியோடு வந்துவிடும். சுட்ட பிறகு பூசிய நிறம் அது. மண்ணோடு ஒட்டியிருக்கிறதே தவிர, மண்ணோடு சேர்ந்து வேகவில்லை. கொலு பொம்மைக்கும் சுட்டபின்தான் வண்ணம் தீட்டுகிறார்கள். படியில் நிற்கும் பொம்மைக்கு அது போதும். தினமும் கழுவிப் புழங்கும் கோப்பைக்குப் போதாது.

கோப்பைக்கு வேறு வழி உண்டு. ஒருமுறை சுட்ட மண்ணில் வண்ணம் தீட்டி, அதன்மேல் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடியும் சூளையில் வைப்பார்கள். பூச்சு உருகி ஓவியத்தை மூடிக்கொள்ளும். கண்ணாடிக்கு அடியில் இருப்பதால் அந்த வண்ணத்துக்கு அண்டர்கிளேஸ் என்று பெயர். பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரிய ஊரில் நின்று இதைச் சொல்வது பொருத்தம்தான். இந்த ஓவியத்தைத் தொடங்குவது கை, முடிப்பது நெருப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் ரசனை தானே வந்துவிடும்.

எங்கே பார்க்கலாம்?

திருவண்ணாமலையிலிருந்து 100 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் புதுச்சேரி. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, உயர்சூட்டுக் கிளேஸ் பாண்டங்களில் ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியது. கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலமும் பீங்கானுக்குப் பேர்போன ஊர்.

நம் கடற்கரைக்கு இந்தக் கலை புதிதும் அல்ல. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. வெள்ளைப் பீங்கானில் கோபால்ட் நீலத்தால் தீட்டிக் கிளேஸ் மூடிய ஓடுகளும் அவற்றில் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் தீட்டிய நீலம், மண்ணுக்கடியில் கிடந்தும் மங்கவில்லை.

கிண்ணத்துக்குள் என்ன?

வண்ணம் எப்படிக் கலக்கிறார்கள் என்று தெரிந்தால் பார்வை கூர்மையாகும். சேர்ப்பது மூன்று பொருள்: ஸ்டெயின் எனப்படும் வண்ணத்தூள், சீனக்களிமண், ஃப்ரிட். ஸ்டெயின், உலோக ஆக்சைடுகளைச் சுட்டு அரைத்தது, நிறம் அதனுடையது. களிமண் பாண்டத்தைப் பற்றிக்கொள்ளும். ஃப்ரிட், முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள். சூளையில் இளகி மற்ற இரண்டையும் பிணைக்கும். முதல் முயற்சிக்கு மூன்றையும் சம பங்காக எடுக்கலாம்.

வெறும் நீரில் கரைத்தால் தூரிகை ஓடாது. ஒருமுறை சுட்ட மண் தாகத்தோடு இருக்கும், தொட்ட இடத்திலேயே நீரை உறிஞ்சிவிடும். அதனால் லிட்டர் நீருக்கு 10 கிராம் சி.எம்.சி. பசையை முதல்நாள் இரவே ஊறவைத்து, அந்தக் கரைசலில் குழைக்க வேண்டும். ஓரிரு சொட்டு கிளிசரின் விட்டால் சீக்கிரம் காயாது. 100 மெஷ் சல்லடையில் வடிகட்டுங்கள். பதம், மோரைவிடக் கெட்டி, தயிரைவிட இளகல். தூள் மூச்சில் ஏறக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். இதற்கு எடுத்த பாத்திரம் சமையலறைக்குத் திரும்பவும் கூடாது.

நிறங்களைத் தமக்குள் கலப்பதற்குப் பொறுமை வேண்டும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்பது இங்கேயும் பெரும்பாலும் சரி. ஆனால் கோபால்ட் நீலத்தின் வீரியம் அதிகம். சம பங்கு விட்டால் மஞ்சள் காணாமல் போகும். 9 பங்கு மஞ்சளுக்கு 1 பங்கு நீலம் என்று தொடங்கி, 8க்கு 2, 7க்கு 3 என நகர்த்தி, ஒவ்வொன்றையும் சிறு ஓட்டில் தீட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். குழம்புக்கு உப்பு பார்ப்பதுபோல் பாதியில் ருசி பார்க்க வழியில்லை.

சூளைக்கு முன் தெரியும் நிறத்தையும் நம்ப முடியாது. கோபால்ட் ஆக்சைடு கறுப்பாக இருக்கும், வெந்தால் நீலம். கோயில் மதிலில் நாம் பார்க்கும் காவி இரும்பு ஆக்சைடுதான். கிளேஸுக்கு அடியில் அது பழுப்பாகும். குரோமியப் பச்சை, துத்தநாகம் கலந்த கிளேஸின் கீழே பச்சையை இழந்து பழுப்பேறிவிடும். இதையெல்லாம் மனக்கண்ணில் கண்டுதான் கலைஞர் தீட்டுகிறார்.

கையில் எடுத்துப் பாருங்கள்

முதலில் கட்டைவிரலால் ஓவியத்தைத் தடவுங்கள். கோடு விரலில் தட்டக் கூடாது. தட்டினால் அது கிளேஸுக்கு மேலே தீட்டியதாக இருக்கலாம்.

அடுத்து, பாண்டத்தை வெளிச்சத்தில் சாயுங்கள். ஒளி மேற்பரப்பில் மின்னும், வண்ணம் அதற்குக் கீழே நிற்கும். குளத்து நீருக்கடியில் கூழாங்கல் தெரிவதுபோன்ற அந்த ஆழம்தான் அண்டர்கிளேஸின் தனி அழகு.

பிறகு கோட்டைப் பின்தொடருங்கள். வாசலில் கோலம் போடும் கை இழையை இடையில் நிறுத்தாது; நிறுத்திய இடத்தில் மாவு திட்டாகிவிடும். தாகமுள்ள மண்ணிலும் அப்படித்தான். தயங்கிய தூரிகை கருந்திட்டு வைத்துவிடும். இலை நுனியில் கோடு மெலிந்து முடிகிறதா, தண்டு ஒரே இழுப்பில் வந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடர்த்தியையும் பாருங்கள். ஒரு பூச்சில் மண்ணின் நிறம் ஊடே தெரியும், மூன்று பூச்சில் மறையும். நல்ல கை ஒரே பூவில் இரண்டையும் வைத்து இதழுக்கு மடிப்புக் கொடுக்கும்.

கடைசியாக ஓரங்கள். கிளேஸ் தடித்தாலோ சூடு மிஞ்சினாலோ கோடு கசியும். தெளிந்த ஓரம் தேர்ச்சியின் அடையாளம். ஆனால் நீலம் இலேசாகப் பரவி மழைமேகம்போல் நிற்கும் இடத்தைப் பிழையென்று ஒதுக்கிவிடாதீர்கள். நெருப்பு தன் பங்குக்குத் தீட்டிய இடம் அது.

அடுத்த தீபத்துக்குக் கிரிவலம் போகும்போது வழியில் ஒரு கோப்பையோ கிண்ணமோ கண்ணில் பட்டால் விலை கேட்கும் முன் கையில் எடுங்கள். தடவி, சாய்த்து, கோட்டோடு கண்ணை நடத்துங்கள். பிடித்திருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். அந்த ஒரு நிறத்துக்காக எத்தனை ஓடுகளைச் சுட்டுப் பார்த்திருப்பார்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.