சராசரி மறைக்கும் உண்மை

துப்பாக்கியால் நிகழும் கூட்டக்கொலைகளில் அமெரிக்காவை நார்வே மிஞ்சுகிறது என்று காட்டும் ஓர் அட்டவணையை நீங்கள் பார்த்திருக்கலாம். 2009 முதல் 2015 வரையிலான கணக்கு அது. வகுத்தலில் பிழையில்லை; முடிவில்தான் பிழை.

2011 ஜூலை 22-ல் உட்டோயா தீவில் ஒருவன் நடத்திய தாக்குதலில் 69 பேர் மாண்டனர். நார்வேயின் அன்றைய மக்கள்தொகை சுமார் 50 லட்சம். ஏழாண்டுகளுக்குப் பகிர்ந்தால், 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 இறப்புகள். மற்ற ஆறாண்டுகளில் அங்கு இத்தகைய கொலையே இல்லை. அமெரிக்காவிலோ ஓர் ஆண்டுகூடத் தப்பவில்லை.

கதிரியக்கத் துகள்களை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் பிழை என்று படித்திருப்பீர்கள். இங்கே இறப்புகள் 69, நிகழ்ச்சியோ ஒன்றுதான். எண்ணிக்கை 1 எனில் பிழையும் 1! இதைக்கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தலாமா?

துப்பாக்கிச் சட்ட விவாதத்தில் இந்த அட்டவணை சாட்சியாக நிறுத்தப்படுகிறது. உயிர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு இது. எனவே, விகிதத்தைப் பார்க்குமுன் “எத்தனை நிகழ்ச்சிகள்?” என்று கேளுங்கள்.