இலவச லேப்டாப்புக்கு ஆதரவு எத்தனை வருஷம்?

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: விண்டோஸ் 7, அப்புறம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். "பசங்க பாஸை பூட் பண்ணவே இல்லை" என்பதுதான் இன்றுவரை கேட்கும் விமர்சனம். எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. பூட் பண்ணியிருந்தால் எத்தனை நாள் பாதுகாப்பு அப்டேட் கிடைத்திருக்கும்? அதை யாரும் கேட்பதில்லை.

பாஸின் அடித்தளம் டெபியன். அப்போதைய டெபியன் ஸ்டேபிள், 2011 பிப்ரவரியில் வந்த ஸ்க்வீஸ். அதன் வழக்கமான ஆதரவு 2014 மே மாதத்தோடு முடிந்தது. டெபியனில் எல்டிஎஸ் என்ற ஏற்பாடே ஸ்க்வீஸுக்குத்தான் முதலில் வந்தது. அதுவும் 2016 பிப்ரவரி வரைதான். விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரி வரை! போடிநாயக்கனூரில் பிளஸ் டூவில் லேப்டாப் வாங்கி, 2012-ல் பி.இ. சேர்ந்த ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். எல்டிஎஸ்ஸையும் சேர்த்துக்கொண்டாலும் கடைசி செமஸ்டரில் அவளுக்கு அப்டேட் இல்லை.

"அடுத்த ரிலீஸுக்கு மாறிட வேண்டியதுதானே?" என்பீர்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது ஒரு மதிய வேலை. ஏலத்தோட்ட லைன் வீட்டில், சிக்னலுக்காக மேடு ஏறுகிறவளுக்கு? பாதி அப்கிரேடில் கரண்ட் போனால் யாரைக் கேட்பாள்?

(உபுண்டுவின் இடைக்கால ரிலீஸ்களுக்கு 9 மாதம்தான் ஆதரவு. ஏலச்செடி முதல் காய் கொடுக்கவே மூணு வருஷம் ஆகும்.)

போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே கைட் நிறுவனம் உபுண்டு 18.04 எல்டிஎஸ் மேல் பள்ளிகளுக்கான லினக்ஸைக் கட்டியது. ஆசிரியர் பயிற்சியும் அதில்தான். ஆனா அதையும் ரொம்பப் புகழ வேண்டாம்: 18.04-ன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதம் முடிந்தது, 22.04 அடிப்படையிலான கைட் பதிப்பு வந்தது 2024-ல். இருந்தாலும் அங்கே கம்ப்யூட்டர் பள்ளியுடையது, மாற்றுவது யார் வேலை என்பதும் தெரியும். இங்கே லேப்டாப் மாணவியின் சொந்தம். வீட்டுக்குப் போன பிறகு அது அவள் பாடு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எல்டிஎஸ் வருஷங்களை ரிலீஸான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஸ்க்வீஸ் போட்ட மெஷினை 2013 கோடையில் கொடுத்திருந்தால் வழக்கமான ஆதரவில் மீதி சுமார் ஒரு வருஷம்தான். டெண்டரில் ராம், ஹார்ட் டிஸ்க் அளவு எழுதுகிற மாதிரி, "மாணவர் கையில் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷ அப்டேட்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?